குகைக்குள் அடைபட்ட இச்சி மரம்

மலையடிவாரக் குகை ஒன்றில் சடையன் என்ற குரங்கு குடியிருந்தது. அதற்குப் பிள்ளை குட்டி கிடையாது. உடைந்த சட்டியில், ஆலமரம் போல விழுது விடும் ஓர் இச்சி மரத்தைக் குட்டையாகவே வளர்த்து, அதையே பிள்ளை என்று கொண்டாடியது. பதினைந்து வருஷமாகியும் மரம் ஒரு சாண் உயரம்தான். ஆனாலும் விழுது விட்டிருந்தது! வளர்த்த சடையனுக்குத்தான் புத்தி அந்த ஒரு சாண்கூட வளரவில்லை.

மரத்தடிப் பாசிக்குள் ஒரு தேரை ஒண்டுக்குடித்தனம் இருந்தது.

பங்குனி பிறந்தது. அனல் காற்று வீசியது. இச்சி இலைகளின் நுனி கருகத் தொடங்கியது.

"ஐயோ, என் செல்லமே! எந்தப் பாவியோ கண்ணு வச்சிட்டானே!" என்று சடையன் தலையில் அடித்துக்கொண்டது.

தேரை பாசியை விலக்கி எட்டிப் பார்த்தது. "கண்ணும் இல்லே, மண்ணும் இல்லே அண்ணே! காத்துல ஈரம் போயிடுச்சு. என் தோலே காஞ்சு இழுக்குது. அகலமான தட்டுல கூழாங்கல்லைப் பரப்பி, கல்லு முங்காம தண்ணி ஊத்துங்க. சட்டியை அதுமேல வைங்க. தண்ணி மெல்ல ஆவியாகி இலைக்குச் சேரும். வாசலை மட்டும் அடைச்சிடாதீங்க, காத்தோட்டம் வேணும்!"

"பாசிக்குள்ள கிடக்கிற நீ எனக்குச் சொல்ல வந்துட்டியா? நேத்து அந்தப் பக்கத்துப் பொந்து முள்ளம்பன்றி வந்து, 'அடேயப்பா, என்ன அழகு!'ன்னு வாயைப் பிளந்தான். அவன் கண்ணுதான்!" என்ற சடையன், திடீரென்று தேரையை உற்றுப் பார்த்தது. "இரு, இரு! உன் முழி ரெண்டும் வெளியே வந்து நிக்குதே! ராப்பகலா என் பிள்ளையையே பார்த்துக்கிட்டு இருக்கே! கிளம்பு வெளியே!"

பாவம், தேரை போய் வாசலோரக் கல்லடியில் ஒதுங்கியது.

சடையன் உள்ளே இருந்தபடியே ஒரு பாறாங்கல்லை உருட்டி வாசலை அடைத்தது. இடுக்கெல்லாம் களிமண் பூசியது. திருஷ்டி கழிய மூன்று வேளையும் குங்கிலியப் புகை போட்டது. தேரை சொன்னதில் ஈரம் என்ற ஒன்று மட்டும் அந்த மண்டையில் ஏறியிருந்தது. அதனால் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, துணி தேய்க்கிறவர் மாதிரி, நாள் பூராவும் இலைமேல் 'உஃப் உஃப்' என்று ஊதியது. அதற்குப் பெயர் வைத்தியமாம்!

நாலாம் நாள் இலையில் வெள்ளைப் பூஞ்சணம் பூத்தது. மண்ணிலிருந்து குட்டிப் பூச்சிகள் பறந்தன. இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன.

"அப்பப்பா, எவ்வளவு பொல்லாத கண்ணு! இன்னும் போகலையே!" என்று சடையன் இன்னும் இரண்டு பிடி குங்கிலியத்தை அள்ளிப் போட்டது.

ஏழாம் நாள் குகைக்குள் இருமல் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. தேரை பதறிக்கொண்டு தாவிப் போய் முள்ளம்பன்றியைக் கூட்டி வந்தது. முள்ளம்பன்றி களிமண்ணைப் பறித்து, கல்லைத் தள்ளி, மயங்கிக் கிடந்த சடையனை வெளியே இழுத்துப் போட்டது.

வெளிக்காற்று பட்டதும் சடையன் கண் விழித்தது. "என் பிள்ளை எங்கே?"

முள்ளம்பன்றி சட்டியைக் கொண்டுவந்து வைத்தது. மரத்தில் ஓர் இலைகூட இல்லை. சடையன் தொட்டதும் கிளை முறிந்தது. வேர் அழுகி நாறியது.

"கண்ணு வச்சுக் கொன்னுட்டீங்களேடா!" என்று சடையன் அவர்களைப் பார்த்தே கதறியது!

தேரைக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, காத்து பட்டதும் உங்களுக்கு மூச்சு வந்துச்சே! உங்க பிள்ளைக்கும் அது வேணும்னு ஒரு நாளாவது தோணுச்சா?"

சடையன் பட்ட மரத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது.

தன் தவறைத் தேடாமல் பிறர்மேல் பழி போடுகிறவன், காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டே தன் செல்வத்தைத் தன் கையாலேயே கொன்றுவிடுவான்.