பதினைந்து நாளுக்கு ஒரு குளியல்

வெயிலைத் தின்னும். புகை விடாது, சாம்பல் போடாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை குளிப்பாட்டாவிட்டால் மட்டும் சோம்பிப் படுத்துவிடும். அது என்ன?

சூரிய மின்பலகை என்று சொல்லியிருப்பீர்கள். சரிதான். உண்மையான புதிர் இனிமேல்தான் வருகிறது.

கீழப்பொட்டல் என்ற ஊருக்குப் பக்கத்தில் நானூறு ஏக்கரில் அந்தப் பலகைகளைப் பரப்பியிருந்தார்கள். நல்ல காரியம்தான். அங்கிருந்து போன மின்சாரத்தில் தொலைவில் ஒரு நகரமே வெளிச்சமாக இருந்தது. அதற்காக ஒரு பிடி கரிகூட எரியவில்லை. ஊரில் இருபது பெண்களுக்குப் பலகை கழுவும் வேலையும் கிடைத்தது. "கழுவ எங்கள் ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. அது கெட்டுப்போனால், தண்ணீரே இல்லாமல் துடைக்கும் இயந்திரம் வாங்குவோம்" என்று கம்பெனிக்காரர்கள் கிராம சபையில் சொல்லியிருந்தார்கள்.

சித்திரையில் கிணறு உப்பாகிவிட்டது. உப்புநீர் பட்டால் கண்ணாடியில் வெள்ளை படியும். இயந்திரம் வந்ததா? இல்லை. டேங்கர் லாரி வந்தது. அதுவும் ஊருணிக்கு!

கீழப்பொட்டலுக்குக் குடிதண்ணீர் அந்த ஊருணி ஒன்றுதான். மழைக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாரும், எந்த ஊர்க்காரரும் தண்ணீர் எடுக்கலாம். ஆனால் குடத்தில் மொண்டு, தானே சுமந்து போக வேண்டும். வண்டியும் குழாயும் கூடாது. அதனால்தான் அது எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. நானூறு ஏக்கர் வெயிலை எடுத்துக்கொண்டது போதாதென்று, அங்கே குழாயை இறக்கினார்கள்.

ஊருணியைக் காவல் காக்கும் செல்லக்கனி ஓடிவந்து லாரிச் சாவியை உருவிக்கொண்டாள்.

"அம்மா, இது சுத்தமான மின்சாரம். நாட்டுக்கே நல்லது" என்றார் கம்பெனி மேற்பார்வையாளர் ஞானசேகர்.

"நாட்டுக்கு நல்லது செய்யுங்க சார், வேணாங்கல. அதுக்கு எங்க பிள்ளைக உப்புத்தண்ணி குடிக்கணுமாக்கும்?"

பலகை கழுவும் முத்திருளாயி குறுக்கே வந்தாள். "சாவியக் குடு மதினி. பலகை கழுவலைன்னா எங்களுக்குக் கூலி கிடையாது. நீயா சோறு போடுவ?"

"ஒன் மகளையே கேப்போம்டி. அவளுக்குச் சோறு அங்கிட்டு, தண்ணி இங்கிட்டு." தண்ணீர் எடுக்க வந்து நின்ற முத்திருளாயியின் மகள் பவளக்கொடியின் கையில் சாவியை வைத்தாள் செல்லக்கனி. உடனே ஞானசேகரும் கையை நீட்டினார்.

சாவி அவரிடம் போனால் ஊருணி வற்றும். செல்லக்கனியிடம் திரும்பினால் அம்மாவின் கூலி போகும். பத்து வயதுப் பெண்ணை இப்படி நடுவில் நிறுத்தியது யார் செய்த குற்றம் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அதை நான் கேட்கவில்லை. நான் கேட்பது இதுதான்: பவளக்கொடி என்ன செய்தால் சரி?

அவள் சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை. இடுப்பிலிருந்த காலிக் குடத்தை எடுத்து, "நீங்களும் மொண்டுக்கலாம் சார்" என்று ஞானசேகரிடம் கொடுத்தாள்.