மகாராஜா போன சங்கக் கூட்டம்

அரியாநல்லூரை வசந்தராயர் ஆண்டபோது கோட்டைக்குள் இடம் போதவில்லை. மகாராஜா நாலு மாடியில் ஒரே கட்டடம் எழுப்பி, இருபத்து நாலு வீடாகப் பிரித்து, அரண்மனை ஊழியர்களுக்குக் கொடுத்தார். தேர்த்திருவிழா பார்க்க வசதியாக ஒரு வீட்டைத் தன் பெயரிலும் வைத்துக்கொண்டார். ஒரே படிக்கட்டு, ஒரே கிணறு, ஒரே மொட்டைமாடி. சண்டைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? வீட்டுக்காரர்கள் கூடிச் சங்கம் வைத்தார்கள். சங்கத்துக்குச் சட்டம் எழுதினார்கள். அந்தச் சட்டத்தால் வரும் வழக்குகளை மட்டும் நடத்தியே அரசவையில் ஒருவன் பிழைத்தான். அவன் பெயர் வைரவன். வேறு வழக்கைத் தொடமாட்டான். அதற்கு அவனுக்கு நேரமே இல்லை.

சங்கத் தலைவர் ஆவுடையப்பர், அரண்மனையில் ஓலை எழுதி ஓய்வு பெற்றவர். பொழுது போக வேண்டுமே! முந்நூற்றுப் பன்னிரண்டு ஓலையில் சட்டம் எழுதினார். பதினாலாவது ஓலை இப்படிச் சொன்னது: தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவர் வீடு சங்கத்துக்குச் சேரும். யாருக்கும் விலக்கு இல்லை.

அவருக்கு அடுத்த வீடு மருத்துவச்சி அங்காயியுடையது. நடுச்சுவரை இடித்துத் தன் கூடத்தைப் பெரிதாக்க ஆவுடையப்பருக்கு வெகுநாள் ஆசை. அங்காயி மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. அவள் வீட்டைச் சங்கம் எடுத்துத் தலைவருக்கு ஒதுக்குவதாகத் தீர்மானம் போட்டாயிற்று. அரச முத்திரை ஒன்றுதான் பாக்கி.

"ஏனம்மா கூட்டத்துக்குப் போகவில்லை?" என்று சபையில் கேட்டார் ராயர்.

"மூணு தடவையும் பிரசவம் சாமி. புள்ள பாதி வெளிய வந்திருக்கையில, 'செத்த இரு, கூட்டம் முடிச்சுட்டு வரேன்'னு சொல்ல முடியுங்களா? அந்த வீட்டை விட்டா எனக்கு வேற போக்கிடம் இல்லீங்க."

கேட்கவே பாவமாக இருந்தது. ராயருக்கும் மனம் இளகியது. ஆனாலும் கையில் சட்ட ஓலை இருந்தது.

"கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவதில் என்ன கஷ்டம்? வைரவா, இவளுக்காக என்ன சொல்கிறாய்?"

"சொல்ல ஒன்றும் இல்லை மகாராஜா. தலைவர் சட்டப்படிதான் செய்திருக்கிறார்."

அங்காயிக்கு முகம் செத்துப்போயிற்று. இவனை நம்பி வந்தோமே என்று பார்த்தாள்.

"ஒரு தகவல் மட்டும்," என்றான் வைரவன். "தங்கள் பெயரில் கூட்டத்துக்குப் போய்வந்த மணியக்காரர் காசிக்குப் போயிருக்கிறார். அதனால் தங்கள் வீடும் இரண்டு கூட்டத்தைத் தவறவிட்டிருக்கிறது. மூன்றாவது கூட்டம் நாளைக் காலை."

தீர்மான ஓலையோடு சபைக்கு வந்திருந்த ஆவுடையப்பருக்கு வேர்த்தது. "மகாராஜாவுக்குப் போய் எப்படி..."

"பதினாலாவது ஓலை. யாருக்கும் விலக்கு இல்லை. எழுத்து தங்களுடையதுதான்."

ராயர் சிரித்தார். "அவ்வளவுதானே? நாளை நானே போகிறேன். திரும்பி வந்து முத்திரை வைக்கிறேன்."

மறுநாள் காலை கூட்டம் தொடங்கியது. முதலில் போன கூட்டத்தின் நடப்பை வாசித்தார்கள். அதில் பிழை இருக்கிறது என்று ஒருவர் எழுந்தார். அவர் சொல்வதில் பிழை இருக்கிறது என்று இன்னொருவர் எழுந்தார். அடுத்தது, இரண்டாம் மாடிப் படியில் வாழைப்பழத் தோல் போட்டது யார் என்ற விசாரணை. அது போன வருஷத்துத் தோல். சாட்சிக்காகப் பத்திரமாக வைத்திருந்தார்கள். பிறகு மேல்வீட்டுக் கொடித்துணி சொட்டிக் கீழ்வீட்டு அப்பளம் நனைந்த கதை. சொட்டியது வெறும் தண்ணீரா, கஞ்சித் தண்ணீரா என்று ஒரு நாழிகை பேசினார்கள். அதற்குப் பிறகு, யாருடைய மாட்டுவண்டி யாருடைய இடத்தில் நிற்கிறது என்பதை எடுத்தார்கள்.

உச்சிவெயிலில் ராயர் மெல்ல எழுந்தார்.

"மன்னிக்க வேண்டும் மகாராஜா," என்றார் ஆவுடையப்பர். "பாதியில் எழுந்தால் வராத கணக்கு. பதினைந்தாவது ஓலை."

ராயர் உட்கார்ந்தார். அவரோடு வந்திருந்த வைரவன் மூலையில் கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

பொழுது சாயும் நேரத்தில் ஒரே ஒரு தீர்மானம் நிறைவேறியது. எல்லாவற்றையும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைப்பது என்று முடிவாயிற்று.

ராயர் வெளியே வந்தார். ஏழு போர் பார்த்த முகம், அன்றைக்குத்தான் வெளிறியிருந்தது. வாசலில் அங்காயி கைகட்டி நின்றாள்.

"உன் வீடு உனக்குத்தான் அம்மா. போய் நாலு குழந்தைகளைப் பிறக்கவை. பதினாலாவது ஓலையும் பதினைந்தாவது ஓலையும் இன்றோடு ரத்து."

அங்காயிக்குக் கண் நிறைந்தது. ஆவுடையப்பர் பதறினார். "மகாராஜா, தண்டனை இல்லாவிட்டால் கூட்டத்துக்கு யார் வருவார்கள்?"

பல்லக்கில் ஏறிக்கொண்டே ராயர் சொன்னார்.

"ஆள்தானே வேண்டும்? சிறையில் இரண்டு தேங்காய்த் திருடர்கள் இருக்கிறார்கள். ஆளுக்கு இருபது சாட்டையடி சொல்லியிருந்தேன். அதை ரத்து செய்துவிட்டு, மாதாமாதம் உங்கள் கூட்டத்துக்கு அனுப்பி வைக்கிறேன்."

வைரவனுக்குச் சால்வையும் மோதிரமும் கிடைத்தன. மறுநாளே புது வழக்கும் கிடைத்தது. அதே கட்டடத்தில் குடியிருக்கும் சிறைக்காவலர் வாயால் கூட்டத்தின் கதையை விவரமாகக் கேட்டுவிட்ட அந்த இரண்டு திருடர்களும் ஆளனுப்பியிருந்தார்கள். எப்படியாவது வாதாடி, சாட்டையடியையே திரும்ப வாங்கித் தர வேண்டுமாம்.