கலாமணிக்குச் செய்த கால்

கோவைக்கு மேற்கே, மலை தெரிகிற ஒரு தெருவில், கால் செய்கிற கூடம் ஒன்று இருக்கிறது. விபத்திலும் சர்க்கரை நோயிலும் காலை இழந்தவர்கள் அங்கே வருவார்கள்.

கூடத்தின் குரு தமயந்தி. முப்பதைத் தாண்டி அதிகமாகவில்லை. சீடர் இருதயராஜுக்கு ஐம்பதுக்கு மேல். ஒரு பம்பு கம்பெனியில் தட்டையான படங்களாக வரைந்து தள்ளித் தலை நரைத்தவர். "இனிமே மனுசனுக்கு ஏதாச்சும் வரையோணும்" என்று சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் குருவை டீச்சர் என்பார். குரு அவரை அண்ணா என்பார். யார் காலில் யார் விழுவது என்ற சிக்கல் முதல் நாளே வந்தது. ஆளுக்கொரு கும்பிடு போட்டு முடித்துக்கொண்டார்கள்.

கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலை இழந்தவரின் மிச்சக் காலை ஸ்கேன் செய்து, அந்த உருவத்தை அவர் பெயருள்ள ஃபோல்டரில் வைப்பார்கள். மிச்சக் கால் உட்காரும் கிண்ணம் ஒரு ஃபைல். கிண்ணத்தையும் பாதத்தையும் இணைக்கும் குழாய் ஒரு ஃபைல். பாதம் ஒரு ஃபைல். இவை போக 'முழுக்கால்' என்று ஒன்று இருக்கும். அதற்குள் கால் இருக்காது. எது எங்கே இருக்கிறது என்ற நினைவு மட்டும் இருக்கும். திறக்கும்போதெல்லாம் அது போய் ஒவ்வொன்றையும் கூட்டிக்கொண்டு வந்து நிற்கும்.

கலாமணி இட்லிக் கடைக்கார அம்மா. லாரி மோதி இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

"தோசைக்கல்லு முன்னால நின்னாத்தானுங்க கடை" என்பார். "உக்காந்துட்டா கையி மாவுக்கும் எட்டாது, கல்லுக்கும் எட்டாது."

தை பிறந்ததும் கடை திறப்பதாகத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அவருக்கான காலை வரைந்து முடித்தார்கள். செய்கிற மெஷின் ஓசூரில் இருந்தது. அங்கிருப்பவர்கள் முதலில் ஒரு தடவை பார்த்துத் திருத்தி அனுப்ப வேண்டும். தமயந்தி அளவெடுக்கும் முகாமுக்காக ஈரோடு போயிருந்தார். இருதயராஜ் முழுக்கால் ஃபைலை மட்டும் எடுத்து ஓசூருக்கு அனுப்பினார்.

உடனே போன் வந்தது.

"சார், கிண்ணம் இல்ல, குழாய் இல்ல, பாதம் இல்ல. வெறும் சிவப்புக் கேள்விக்குறியா நிக்குது."

டீச்சரைக் கேட்டிருக்கலாம். இந்த வயதில் இதைக் கூடவா கேட்பது என்று ஒரு ரோஷம். முழுக்காலுக்கு ஒரு நகல் எடுத்து, மற்ற ஃபைல்களோடு அதற்கிருந்த இணைப்புகளை எல்லாம் அறுத்தார். மூன்றையும் ஒரே கட்டியாக உருக்கி அனுப்பினார். ஓசூர்க்காரர்கள் கணுக்காலில் ஒரு துளையை நகர்த்தித் திருப்பி அனுப்பினார்கள். இருதயராஜ் அதைக் கூடத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். கால் முழுசாக நின்றது. ஒரு சிவப்புக்குறி இல்லை. அவருக்குப் பெருமையாக இருந்தது.

மிச்சக் கால் புண் ஆற ஆற மெலியும். அதனால் கால் செய்யும் முன்பு கடைசியாக ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். இருதயராஜே எடுத்து, கலாமணியின் ஃபோல்டரில் வைத்தார். திரும்பி வந்த காலைத் திறந்தார். அது எதையும் கேட்கவில்லை. நல்ல சகுனம் என்று நினைத்து, செய்யச் சொல்லிவிட்டார்.

கால் வந்தது. கலாமணி மாட்டிக்கொண்டு எழுந்தார். எழுந்த வேகத்தில் உட்கார்ந்தார்.

"உள்ள லொடலொடன்னு ஆடுதுங்க. எலும்பு போயி நங்குன்னு இடிக்குது."

வலியில் கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப தையில கடை திறக்க முடியாதுங்களா?"

இருதயராஜ் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை அவர், ஈரோட்டிலிருந்து திரும்பியிருந்த குருவின் முன்னால் போய் நின்றார். செய்ததை எல்லாம் ஒளிக்காமல் சொன்னார்.

"ஆனா ஒண்ணு மட்டும் புரியலைங்க டீச்சர். நான் அனுப்புன உருவம், அந்தத் துளை தவிர, மயிரிழை மாறாமத் திரும்பி வந்துச்சு. அளந்தே பாத்துட்டனுங்க. அப்புறம் என்னதான் போச்சு?"

தமயந்தி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது இருதயராஜுக்கு.

"புது ஸ்கேன் எங்கீங்க அண்ணா இருக்குது?"

"கலாமணி ஃபோல்டர்லதான்."

"நீங்க உருக்குன காலைத் திறங்க."

இடது பக்கத் திரையில் திறந்தார். சட்டென்று வந்து நின்றது. போட்டோ மாதிரி நின்றது.

"இப்ப பழைய முழுக்காலைத் திறங்க. அறுக்காத ஃபைலு."

வலது பக்கத் திரையில் திறந்தார். அது நேரம் எடுத்தது. கிண்ணம் வந்தது. குழாய் வந்தது. பாதம் வந்தது. வேலை முடிந்தது என்று இருதயராஜ் நினைத்த நேரத்தில் கிண்ணம் அசைந்தது.

யாரும் எதையும் தொடவில்லை. கிண்ணத்தின் சுவர் மெல்ல உள்ளே வாங்கியது. எலும்பு இடித்த இடத்தில் குழிந்து விலகிக் கொடுத்தது. மேலே நடந்தது குழாய்க்குத் தெரிந்தது, அது கொஞ்சம் ஏறிக்கொண்டது. குழாய் சாய்ந்தது பாதத்துக்குத் தெரிந்தது, அது இம்மியளவு திரும்பித் தரையில் சமமாகப் பதிந்தது. எங்கோ வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணின் கால் மெலிந்த சேதி, புது ஸ்கேனிலிருந்து கிளம்பி, உச்சியிலிருந்து விரல் வரை போய்ச் சேர்ந்துவிட்டது.

இருதயராஜ் தன்னையறியாமல் எழுந்து நின்றார். சர்ச்சில் நிற்பது போலக் கை கூப்பியிருந்தது. இப்படி ஒன்றைத்தானா நம் கையாலேயே அறுத்தோம் என்று நினைத்தார்.

இடது பக்கத்தில் அவர் உருக்கிய காலும் நின்றுகொண்டிருந்தது. அதற்கு ஒன்றும் தெரியவில்லை.

"டீச்சர், இது ஓசூர் போனா மறுபடியும் எல்லாத்தையும் தொலைச்சுருமே."

"தனியா அனுப்புனா தொலைக்கும். எல்லாத்தையும் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

இருதயராஜ் முழுக்காலையும் கிண்ணத்தையும் குழாயையும் பாதத்தையும் ஸ்கேனையும், கூடத்தில் எந்த அடுக்கில் இருந்தனவோ அதே அடுக்கில் ஒரு பென் டிரைவில் வைத்தார். மூலையில் நெட்வொர்க் வயரைப் பிடுங்கி வைத்திருந்த ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஏன் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று அவர் அதுவரை கேட்டதில்லை.

"அதுல திறங்க. அங்க நின்னா ஓசூர்லயும் நிக்கும்."

திறந்தார். கிண்ணம் வந்தது, குழாய் வந்தது. பாதம் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புக் கேள்விக்குறி.

"பாதம் பக்கத்துலதானுங்க டீச்சர் இருக்குது! கண்ணு தெரியலையா இதுக்கு?"

"அது பாதத்தை உங்க கம்ப்யூட்டர்ல தேடிட்டிருக்குது. பாதத்துக்கு மட்டும் நீங்க உங்க எடத்துலருந்து வழி சொல்லிக் குடுத்துருக்கீங்க. முழுக்காலு நிக்கிற எடத்துலருந்து சொல்லுங்க."

வழியை மாற்றினார். மறுபடி திறந்தார். எதனோடும் தொடர்பில்லாத அந்தப் பழைய கம்ப்யூட்டரில் கால் முழுசாக எழுந்து நின்றது.

ஓசூருக்கு அந்த ஃபோல்டரே போனது. துளையை நகர்த்தித் திருப்பி அனுப்பினார்கள். கூடத்தில் ஏற்றியதும், போன வழியே வந்து ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. இருதயராஜ் அதைப் பார்க்கவென்றே ஒரு தடவைக்கு இரண்டு தடவை திறந்து மூடினார்.

பொங்கலுக்கு முன்பே புதுக்கால் வந்துவிட்டது.

கலாமணி மாட்டிக்கொண்டு எழுந்தார். ஜன்னல் வரை போனார். திரும்பி வந்தார். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்தார். இரண்டு பேரும் அவர் காலையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு அவருக்குக் கோபம் வந்தது.

"ஏனுங்க, வந்தவங்களுக்கு ஒரு டீ கெடையாதா இந்தக் கூடத்துல? எங்க கடைக்கு வந்து பாருங்க, தண்ணி கேக்கறதுக்குள்ள தருவேன்."

பேசி முடிக்கும் வரை அவர் உட்காரவில்லை. நிற்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

டீ சொல்லப் போன இருதயராஜ் மேஜையருகே நின்றுவிட்டார். பொருந்தாத பழைய கால் அங்கேயே கிடந்தது. பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. கையில் எடுத்தார். கீழே வைக்க மனசு வரவில்லை.

"இதுவும் நல்ல கால்தானுங்களே டீச்சர்?"

தமயந்தி அதை வாங்கி, கிண்ணத்துக்குள் ஒரு தடவை பார்த்தார்.

"நல்ல கால்தானுங்க அண்ணா. யாரு காலுன்னுதான் அதுக்குத் தெரியலை."