இரண்டு போஸ்டர், ஒரு பூங்கனி

காதால் மட்டும் கேட்டால் இந்தக் கதைக்கு விடை கிடைக்காது; கொஞ்சம் கண்ணாலும் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

பூங்கனி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். சினிமாவுக்கு வருமுன் ஒரு துணிக்கடை விளம்பரத்துக்கு நின்றாள். கடைக்காரர்கள் படத்தில் அவளுக்கு வெள்ளையடித்து, கன்னத்தைச் செதுக்கி, நாலுமுக்கு ரோட்டில் பெரிய பேனராக வைத்தார்கள். ஆசையாகப் பார்க்க வந்த அவள் அம்மா பேச்சித்தாய் அந்தப் பேனருக்கு அடியிலேயே நின்றுகொண்டு, "எம்மவ படம் எங்கய்யா இருக்கு?" என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திக் கேட்டாள். அதை நினைத்தால் பூங்கனிக்கு இன்றும் அழுகை வரும்.

அதனால், முதல் படத்தில் நாயகியாக நடிக்க ஒப்புக்கொண்டபோது இயக்குநர் அன்வரிடம் ஒரே ஒரு வாக்கு வாங்கினாள்.

"சார், போஸ்டர் ஒட்டுனா எங்கம்மா பாத்த ஒடனே 'இது எம்மவ'ன்னு சொல்லணும். இல்லேன்னா நான் டப்பிங் பேச வரமாட்டேன்."

அன்வரும் தலையாட்டினார். தலையாட்டுவதற்கு என்ன, காசா பணமா?

போஸ்டருக்காக ஓவியர் தங்கப்பழம் மழையையும் நனைந்த பேருந்தையும் வாட்டர்கலரில் வரைந்தார். பூங்கனியின் புகைப்படம் ஒன்றைப் பார்த்து நடுவில் அவள் முகத்தையும் தூரிகையாலேயே தீட்டினார். கம்ப்யூட்டரில் போஸ்டர் வடிவமைக்கும் ரெஜினாவோ அதே மழையை ஸ்கேன் செய்து, அதன்மேல் அந்தப் புகைப்படத்தையே பொருத்தினாள். பூங்கனி படத்தின் பெயரைப் பார்த்தபடி இருந்தால் நன்றாயிருக்கும் என்று, முகத்தை அப்படியே மறுபக்கம் பார்க்கும்படி திருப்பிவிட்டாள். மற்றபடி நிறத்தையோ கன்னத்தையோ, சிரிக்கும்போது ஒருபக்கம் லேசாகத் தூக்கிக்கொள்ளும் உதட்டையோ அவள் தொடவில்லை. மச்சம்கூட அழியவில்லை.

இரண்டையும் அன்வர் மேசைமேல் வைத்தார். பூங்கனி கைக்கண்ணாடியோடு வந்தாள்; அது இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. ரெஜினாவின் போஸ்டரைக் கண்டதும் மலர்ந்துபோனாள்.

"இதுதான் சார் நான். அச்சு அசல்!"

அடுத்ததைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "என்ன அண்ணாச்சி, என் வாயக் கோணலாக்கிட்டீங்க?"

தங்கப்பழத்துக்குச் சுருக்கென்றது. "போட்டோவுல உள்ளதத்தாம்மா வரைஞ்சேன்" என்றார்.

அப்போது பேச்சித்தாய் வந்து சேர்ந்தாள். தினமும் மகளை எதிரே உட்காரவைத்து, முகவாயைப் பிடித்துப் பொட்டு வைத்துவிடுபவள். நேராகப் போய்த் தங்கப்பழத்தின் ஓவியத்தைத் தொட்டாள்.

"இந்தா, இதுதான் எம்மவ."

"அப்ப இது?" என்று மற்றதைக் காட்டினாள் பூங்கனி.

"அது யாரோ. ஒன் சாடையில இருக்கா."

"எம் மூஞ்சி எனக்குத் தெரியாதாம்மா?" பூங்கனிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பெத்தவளுக்குத் தெரியாதா?" என்றாள் தாய்.

அச்சகத்திலிருந்து போன் மேல் போன். அன்வர் விழி பிதுங்கி நின்றார்.

இரண்டு பேருமே பொய் சொல்லத் தெரியாதவர்கள். அப்படியானால் தாய், மகள் இருவரில் யார் சொன்னது சரி? எந்தப் போஸ்டரை அனுப்பினால் அன்வர் வாக்குத் தவறாதவர் ஆவார்?

விடை: இருவர் சொன்னதும் சரிதான். பூங்கனி தன் முகத்தைத் தினமும் பார்ப்பது கண்ணாடியில். அங்கே இடம் வலமாகத்தான் தெரியும். ரெஜினா திருப்பிவிட்டதில் கிடைத்ததும் அந்தக் கண்ணாடி முகம்தான். ஓவியத்திலோ ஒருபக்கம் தூக்கும் உதடு அவள் பழகிய பக்கத்துக்கு மாறாக இருந்ததால் கோணலாகப் பட்டது. பேச்சித்தாயோ மகளை எதிரே வைத்துப் பார்த்தவள். அவளுக்குக் கண்ணாடி எதற்கு? ஆனால் பூங்கனி வாங்கிய வாக்கு என்ன? தன்னைத் தனக்குத் தெரிய வேண்டும் என்பதல்ல, அம்மாவுக்குத் தெரிய வேண்டும் என்பது. ஆகவே தங்கப்பழத்தின் ஓவியம்தான் அச்சுக்குப் போக வேண்டும், போனது. சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் அதை ஒட்டிய அன்றும் பேச்சித்தாய் அடியில் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தினாள். இந்தமுறை எதையும் கேட்பதற்காக அல்ல, "இது எம்மவ" என்று சொல்வதற்காக.