சாலையில் கிடந்த கொள்ளு

இந்த வழக்கைக் கேட்பவர் முதலில் சாலையை மனத்தில் சரியாக வாங்கிக்கொள்ள வேண்டும். சாலை பிசகினால் விடையும் பிசகிவிடும்.

தாராபுரத்துப் பக்கம் கள்ளிவலசு என்று ஓர் ஊர். அதன் தார்ச்சாலையில் ஒரு பஸ் போகலாம். எதிரே இன்னொன்று வந்தால் ஒன்று மண்ணில் இறங்க வேண்டும். நடுவில் ஒரு சிறு பாலம். பாலத்துக்கு முன்பு சாலையின் இடதுபக்கம் சுத்தமாக இருந்தது. ஒரு சைக்கிள் தாராளமாக ஒதுங்கலாம். பாலம் தாண்டியதும் இடதுபக்கம் முழுக்கக் கொள்ளுச்செடி பரப்பியிருந்தது. களம் இல்லாதவர்கள் அந்தப் பக்கத்தில் அப்படித்தான் செய்வார்கள். பிடுங்கிய செடியைச் சாலையில் போட்டுவிட்டால், போகிற வண்டிகளின் சக்கரம் ஏறி ஏறி நெற்று வெடித்துவிடும். மாலையில் கூட்டி அள்ளித் தூற்றிக்கொள்வார்கள். பஸ் அதன்மேல் ஏறிப் போகும். சைக்கிள்காரர்கள் சுற்றிப் போவார்கள், உருளும் கொள்ளில் சக்கரம் நிற்காது என்பதால்.

அன்று கிடந்த கொள்ளு துளசிமணி என்ற அம்மாளுடையது. குத்தகைக் காட்டில் விளைந்தது.

மினிபஸ் ஓட்டுநர் திருமூர்த்தி. தினமும் அதே சாலையில் ஓட்டுபவர். கொள்ளு எந்த இடத்தில் கிடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். சைக்கிளில் போனவர் விசாகன், வங்கி அதிகாரி. தலைக்கவசம் போட்டுக்கொண்டு, மெல்லிய டயர் வைத்த பந்தய சைக்கிளில் காலையில் உடற்பயிற்சிக்காகப் போவார். இருவருக்கும் ஏற்கெனவே கசப்பு இருந்தது. முந்தின வாரம் பஸ் அவருடைய முழங்கையை உரசுகிற அளவுக்கு நெருக்கிக்கொண்டு போனது. அவர் கத்தினார், உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து, அந்த பஸ்ஸின் ஹாரன் கேட்டால் வேண்டுமென்றே நடுச்சாலையில் போவது என்று விசாகன் வைத்துக்கொண்டார்.

சம்பவத்தன்று பாலத்துக்கு முன்பே ஹாரன் கேட்டது. வருவது யார் என்று அவருக்குத் தெரிந்தது. ஒதுங்க இடமும் இருந்தது. ஒதுங்கவில்லை.

முன்சீட்டில் இருந்த ஒருவர் சொன்னார்: "ஏனுங்க டிரைவரண்ணா, ரோட்டை அவரு பேருக்குக் கிரயம் பண்ணிட்டாராட்ட இருக்குதுங்க."

"பட்டா மாத்தி வாங்குற வரைக்கும் நாம இப்படியே ஊர்ந்துட்டுப் போலாம்" என்றது பின்னாலிருந்து இன்னொரு குரல்.

பஸ் முழுக்கச் சிரித்தது. திருமூர்த்திக்கு முகம் சூடேறியது. சைக்கிளுக்கு வெகு அருகில் வண்டியைக் கொண்டுபோய், ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் விரட்டினார். பாலம் தாண்டியும் எடுக்கவில்லை. விசாகன் பயந்துபோய் இடதுபக்கம் ஒடித்தார். முன்சக்கரம் கொள்ளில் ஏறி வழுக்கியது. ஆள் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. பஸ் அவரைத் தொடவில்லை. சைக்கிளின் பின்சக்கரத்தின்மேல் ஏறி நின்றுவிட்டது.

வந்த வேன் ஒன்றை நிறுத்தி, அவரைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். துளசிமணி நடுங்கிப்போனார். போலீஸ் வருவதற்குள் கொள்ளு முழுவதையும் கூட்டி அள்ளிக் காட்டுக்குள் போட்டுவிட்டார்.

எஸ்.ஐ. வந்து பார்த்தபோது சாலை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. வெறும் சாலையில் நசுங்கிய சைக்கிள், அதன்மேல் பஸ். இடித்துத் தள்ளியிருக்கிறான் என்று அவர் நினைத்ததில் குற்றம் சொல்ல முடியாது. உரிமம் போனால் திருமூர்த்திக்கு வேறு பிழைப்பு தெரியாது.

ஆஸ்பத்திரியில் விசாரணை நடந்தது. தான் இடிக்கவில்லை என்று மட்டும் திருமூர்த்தி சொன்னார். கொள்ளு கிடந்ததைச் சொல்லவில்லை. பின்னாலேயே வந்துவிட்ட துளசிமணி வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஹாரன் அடித்ததையும் சொல்லவில்லை. துளசிமணி தங்கள் ஊர்க்காரி என்று பயணிகளும் கொள்ளு பற்றி வாய் திறக்கவில்லை. கட்டிலில் படுத்திருந்த விசாகன், "நானேதான் விழுந்தேன் சார். யார் மேலயும் புகார் இல்லை" என்றார். பயணிகள் நெகிழ்ந்துபோனார்கள். என்ன பெரிய மனசு என்று அவர் காதுபடவே சொன்னார்கள்.

எஸ்.ஐ. மட்டும் ஏற்கவில்லை. தினமும் சைக்கிள் ஓட்டுகிறவர் வெறும் சாலையில் எப்படி விழுவார் என்று கேட்டார். ஓட்டுநர் பெயரில் வழக்கு எழுதப் பேனாவைத் திறந்தார்.

அப்போது துளசிமணி உள்ளே வந்தார்.

"ஐயா, கொள்ளுப் போட்டது நானுங்க. வழிச்சு அள்ளுனதும் நானுங்க. அதுல வழுக்கித்தான் விழுந்தாரு. டிரைவரு மேல எழுதாதீங்க."

எஸ்.ஐ. அந்த அம்மாளின் பெயரை எழுதிக்கொண்டார். சாலையை மறித்தது ஒரு குற்றம், தடயத்தை அழித்தது இன்னொன்று. பிறகு ஆண்கள் இருவரையும் பார்த்து, "இவங்க சொன்னதுக்கு மேல வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

திருமூர்த்தி தரையைப் பார்த்தார். விசாகன், "இல்லை சார்" என்றார்.

துளசிமணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனார்.

மூவரும் பிழை செய்தவர்கள்தான். மூவரும் அன்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இவர்களில் எல்லோரையும்விட அதிகமாக வெட்கப்பட வேண்டியவர் யார்? மேலே படிக்காமல் சற்று யோசித்துச் சொல்லுங்கள்.

விடை: துளசிமணி அல்ல. பயத்தில் செய்த தவறை, இன்னொருவர் பிழைப்பு போகப்போகிறது என்று கண்டதும் தன் வாயாலேயே திருத்திக்கொண்டார். திருமூர்த்தியின் பிழை சிறியதல்ல. ஒதுங்க வழியில்லாத இடம் என்று தெரிந்தும் விரட்டினார். ஆனால் ஹாரனை ஒப்புக்கொண்டால் வழக்கு மறுபடி அவர் பக்கம் திரும்பும், உரிமம் போகும். அவர் மௌனம் கோழைத்தனம். அதற்கு ஒரு காரணமாவது இருந்தது. விசாகனுக்கு இழக்க ஒன்றும் இல்லை. பாலத்துக்கு முன்பு இடமிருந்தும் வீம்புக்காக ஒதுங்கவில்லை என்று அவர் சொல்லியிருந்தால், துளசிமணியின் தலையில் விழுந்த பழியில் ஒரு பங்கு இறங்கியிருக்கும். அவரிடமிருந்து போயிருக்கக்கூடியது பெரிய மனசுக்காரர் என்ற பெயர் ஒன்றுதான். அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அவர் "இல்லை சார்" என்றார்.