சென்னியப்பன் தேடிய பெரிய மலை

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி சென்னியப்பன் பனியை ஃப்ரிட்ஜில்தான் பார்த்திருக்கிறார். ஆனால் பனிச்சறுக்குப் பலகை வாங்கிவிட்டார். குமாஸ்தா கோகிலவாணியைக் கூப்பிட்டார்.

“சறுக்கறதுக்கு ஆல்ப்ஸ்லயே பெரிய மலையாப் பாரு. செலவு மட்டும் கம்மியா இருக்கோணும். முடியாதுன்னா நாளைக்கு வேலைக்கு வராத.”

“சரிங்க மொதலாளி. பலகையக் கட்டிக்கிட்டு ஒருக்கா எந்திரிச்சு நில்லுங்க. உங்க தெறமைக்குத் தக்க ஊராப் பாக்கறேன்.”

“நான் பாக்காத வீடியோவா?” என்று கார்ப்பெட்டில் உட்கார்ந்து, இரண்டு காலையும் பலகையில் பூட்டிக்கொண்டு எழுந்தார். மேசையோடு சாய்ந்தார். மறுபடி எழுந்தார், நாற்காலியோடு சாய்ந்தார். அறையில் இருந்த மேனேஜர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்கள்.

கோகிலவாணி குனிந்து பவ்யமாகச் சொன்னாள்: “பெரிய மலையில ரோப் கார்ல உச்சிக்குப் போறதுக்குத்தானுங்க காசு. கொழந்தைக பழகற சரிவு இருக்கற சின்ன ஊருன்னா செலவு கம்மி. அதைவிடக் கம்மியா வேணும்னா, இந்தக் கார்ப்பெட்டே போதுமுங்க.”