சிவப்புக் கண் பெட்டி

ஆற்றோரக் காட்டில் ஒரு பெரிய நாவல் மரம். அதன் உச்சிக்கிளைதான் கோமளி என்ற மந்தியின் இடம். கீழே புள்ளிமான்கள் மேயும். புலியின் தலை தெரிந்தால் கோமளி "கக்! கக்!" என்று கத்துவாள். மான்கள் பறந்துவிடும். மற்ற நேரத்தில் இளந்தழைகளை ஒடித்து அவற்றுக்குப் போடுவாள்.

ஒருநாள் வனத்துறை ஆட்கள் எதிர் மரத்தில் ஒரு பெட்டியைக் கட்டிவிட்டுப் போனார்கள். புலி வந்தால் அது தன் ஒற்றைக் கண்ணால் தானே கண்டுகொள்ளும். அந்தக் கண்ணில் சிவப்பு விளக்கு மினுக்கி, கூவென்று ஊதும். பெட்டி வந்த சில நாளிலேயே புலி தலைகாட்ட, அது கோமளியை முந்திக்கொண்டு ஊதிவிட்டது.

"என்ன வேகம் பார்த்தியா!" என்றாள் சிணுங்கி என்ற மான். புதிதாகக் குட்டி போட்டவள். "இனிமே நீயும் கொஞ்சம் ஓய்வா இரு அக்கா. பாவம், எவ்வளவு நாள்தான் கத்துவே?"

அந்தப் 'பாவம்' கோமளிக்குச் செரிக்கவில்லை. மான்கள் மெல்லப் பெட்டி மரத்தடிக்கு இடம் மாறின. அவள் போட்ட தழைகள் தின்ன ஆளில்லாமல் வாடின.

அடிவாரத்து ஊர்த் திருவிழாவில் திரை கட்டிப் படம் ஓட்டினார்கள். கோமளி புளியமரத்தில் இருந்து பார்த்தாள். படத்தில் ஓர் இயந்திரம் வீட்டு வேலையெல்லாம் செய்தது. பாதியில் அதன் கண் சிவந்தது. தன்னைச் செய்தவனின் கழுத்தையே நெரித்தது. சனம் மூச்சு விடவில்லை. ஒரு முகம்கூடத் திரையை விட்டுத் திரும்பவில்லை. கோமளி படத்தைவிட அந்த முகங்களைத்தான் அதிகம் பார்த்தாள்.

மறுநாள் காலை மான்களைக் கூப்பிட்டாள். "அந்தப் பெட்டிக்கு ஏன் கண் சிவப்பு, தெரியுமா?"

கண்ணை உருட்டி, கையை விறைப்பாக நீட்டி, முழுப் படத்தையும் நடித்துக் காட்டினாள். மான்கள் நடுங்கின.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தது?" என்றாள் சிணுங்கி.

"படத்திலயும் பாதி வரைக்கும் நல்லாத்தான் இருந்தது!"

கோமளியே ஆற்றுச் சேற்றை அள்ளிப் பெட்டியின் கண்ணில் அப்பினாள். மான்கள் நாவல் மரத்தடிக்குத் திரும்பின. அவள் மனம் குளிர்ந்தது.

அன்றிலிருந்து தினமும் நடிப்புதான்.

"கழுத்தை நெரிக்கிறதை இன்னொரு தடவை, பெரியம்மா!" என்று சிணுங்கியின் குட்டி கேட்கும். எல்லாருக்கும் தெரிய வேண்டுமே என்று கோமளி உச்சியை விட்டுத் தாழ்ந்த கிளைக்கு வந்தாள். ஆற்றுக்கு முதுகைக் காட்டி, மான்களைப் பார்த்து நின்றாள்.

அப்படி நடித்துக்கொண்டிருந்தபோதுதான் ஆற்றுப் பக்கமிருந்து புலி பாய்ந்தது. கண்ணில் சேறு அப்பிய பெட்டி ஊதவில்லை. மான்கள் சிதறின. தூசி அடங்கியபோது குட்டியைக் காணவில்லை.

சிணுங்கி தனியாகத் திரும்பி வந்தாள். "பெட்டி கெட்டதாவே இருக்கட்டும் அக்கா. நீ எங்கே பார்த்துக்கிட்டு இருந்தே?"

'உங்க முகத்தைத்தான்' என்று சொல்லக் கோமளிக்கு வாய் வரவில்லை.

பொறாமையால் அடுத்தவரைப் பூதமாகக் காட்டுவதிலேயே குறியாக இருப்பவர், தம்மை நம்பி நிற்பவர்களைப் புலியிடம் விட்டுவிடுவார்.